நாலாவது வீடு

அறுபது மணி நேரம், இரண்டு கிரெடிட்.
ஷாலினி மிஸ் பலகையில் எழுதியதும்
பின்பெஞ்சில் யாரோ வகுத்துப் பார்த்தார்கள்.
"கற்றுக்கொடுக்கப் போகவில்லை, கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்"
என்று இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
நல்ல மனுஷி. சாக்பீஸ் ஒடிந்தது.

குலுக்கலில் எங்கள் குழுவுக்கு விழுந்த சீட்டு
நீலசந்திரா, ஏழாவது குறுக்குத் தெரு.
மடித்து வந்ததை இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.
"அந்தப் பக்கம் பஸ் இருக்கா?" என்றாள் தன்வி.
தெரியாது என்றேன்.
காலையில் அந்த பஸ்ஸில்தான் வந்திருந்தேன்,
படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒற்றைக் காலில்.

சனிக்கிழமை.
நாற்பத்திரண்டு கேள்விகள், ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் ஆங்கிலம்.
தமிழுக்கு நான்.
சாக்கடை மேல் ஆடும் கல்லை
பார்க்காமலே தாண்டிவிட்டேன்.
பின்னால் வந்த தன்வியின் வெள்ளை ஷூ உள்ளே போனது.
"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"
குழாயைக் காட்டினேன். கழுவிக்கொண்டாள்.
ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீர்,
நல்லவேளை அன்று வரும் நாள்.

நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்பது விதி.
ரூபன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான்.
அவன் விரல் நின்ற நீலக் கதவின் தாழ்ப்பாளை
எந்தக் கோணத்தில் தூக்கினால் திறக்கும் என்று
எனக்குத் தெரியும்.
தட்டினேன்.

அம்மா ஈரக் கையோடு வந்தாள்.
மூன்று கழுத்திலும் ஒரே நாடா.
தன்வியைப் பார்த்தாள், ரூபனைப் பார்த்தாள்,
என்னை
அவர்களைப் பார்த்த அதே அளவுக்குப் பார்த்தாள்.
எதிர்வீட்டு டெய்சி ஆன்ட்டி வாயைத் திறந்தவள்
அம்மா முகம் கண்டு மூடிக்கொண்டாள்.
"வாங்கம்மா, உள்ள வாங்க."

எனக்கும் சேர்த்துத்தான் அந்த 'ங்க'.

பெயர்?
பச்சையம்மாள்.
எழுதினேன், எழுத்து எழுத்தாக.
தொழில்?
கோரமங்கலா பிளாட்டுல சமையல். மூணு வீடு.
(இரண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.)
மூன்றாவது எப்போதிலிருந்து?
அது படிவத்தில் இல்லாத கேள்வி.
"ஜூன்ல சேந்தேன்."
கடன் உண்டா?
வாரக் குழுவுல நாப்பதாயிரம்.
காரணம் என்று நாலு கட்டம் இருந்தது:
மருத்துவம், திருமணம், வீடு பழுது, மற்றவை.
"மத்தது."
என்னவென்று குறிப்பிட வேண்டும் என்றான் ரூபன்.
"மத்ததுன்னே போட்டுக்கோங்க."

பிள்ளைகள்?
ஒரு பொண்ணு. காலேஜ்.
என்ன படிக்கிறாள்?
"என்னமோ படிக்குது. நானும் கேட்டதில்ல,
அதுவும் சொன்னதில்ல."
என்ன சொல்கிறாள் என்றாள் தன்வி.
பி.ஏ. என்றேன்.

தண்ணீர் கொண்டுவந்தாள்.
தன்வி கையில் இருந்த டம்ளரின் விளிம்பில்
புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது என் பெயர்.
ஹே. மா. வ. தி.
திருப்பித் திருப்பிப் பார்த்து
"டிசைன் அழகா இருக்கு" என்றாள்.
இரண்டு டம்ளர்தான்.
நான் வேண்டாம் என்றேன், கேட்காமலே.

கடைசியில் நேரத்தாளில் ஒரு கையெழுத்து.
"எவ்ளோ நேரம்னு போட்டிருக்கு?"
ஒன்றரை மணி.
அம்மா வழக்கம்போல் 'ள்'ளில் பேனாவைத் தூக்கி
ஒருமுறை யோசித்து இறக்கினாள்.
"நல்லாப் படிங்க" என்றாள் மூவரிடமும்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு
அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய்
நடந்தே திரும்பினேன்.
இருட்டியிருந்தது. தட்டில் சோறு இருந்தது.
"இன்னிக்கு ஒரு பொண்ணு வந்துச்சு," என்றாள்,
ரசத்தை ஊற்றிக்கொண்டே,
"நிறுத்தி நிதானமாக் கேட்டுச்சு. ஆனா
எழுதும்போது நிமிரவே இல்ல."

பையில் இன்னொரு தாள் இருந்தது.
இன்று நீங்கள் கற்றது என்ன, இருநூறு சொற்களுக்குள்.
அதை எடுக்கவில்லை.
"மூணாவது வீடு எதும்மா?" என்றேன்.

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.
"ஏன், அதுக்கும் கையெழுத்துப் போடணுமா?"